கலர் போன திரை

“ஒருத்தனைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி...” என்று பெரியப்பா ஏதோ சொல்வார். மிச்சம் தினகரனுக்கு ஞாபகம் வரவில்லை. வரவழைக்கும் பொறுமையும் இல்லை.

மறுபடியும் கலரைக் காணோம்!

காந்தி ரோட்டுப் பட்டுக்கடையின் ஆர்டர்கள் எல்லாம் சென்னையில் இருக்கிற சர்வரில். வெளிநாட்டில் இதே வேலையாக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த தினகரன், கடையின் பழைய ப்ரோகிராமுக்குக் கலர் கொடுத்திருந்தார். புடவை இன்னும் தறியில் இருந்தால் அந்த வரி சிவப்பு. கடைக்கு வந்துவிட்டால் பச்சை. படிக்கவே வேண்டாம், பார்த்தால் போதும்.

அதைப் பார்க்கத்தான் முதலாளி தேவேந்திரன் இன்று வருகிறார்.

திரையிலோ கறுப்பில் வெள்ளை. ஒவ்வொரு வரி ஓரத்திலும் ‘தறியில்’, ‘தயார்’ என்று எழுத்து. கலர் வராத திரை என்று நினைத்துவிட்டால் ப்ரோகிராம் அப்படித்தான் எழுதிக் காட்டும்.

முதலில் ஆர்டர் மேஜை லேப்டாப்பைச் சந்தேகப்பட்டார். அதில் எல்லாம் சரி. இணைப்பைத் துண்டித்து மறுபடி போட்டார். தன் பெயரில் நுழைந்தால் கலர் வருகிறது. ஆர்டர் செக்‌ஷன் பெயரில் நுழைந்தால் போய்விடுகிறது. இதை எந்த வகைத் திரை என்று நினைக்கிறாய் எனச் சர்வரையே கேட்டார்.

‘விடி-100’ என்றது.

கலர் என்ற ஒன்றையே அறியாத ஆதிகாலத்துத் திரை! நேற்றுதான் இதை மாற்றினார். முந்தாநாளும் மாற்றினார். லாகின் ஆனவுடன் இந்தப் பெயர் வந்து உட்காருகிற மாதிரி யாரோ வேண்டுமென்றே எழுதி வைக்கிறார்கள்.

“அரக்கு உடல், கிளிப்பச்சை பார்டர்!” கவுன்டரில் ரேணுகாம்பாள் கூவினார்.

இது வேறு. இந்தக் கடையில் எந்தப் புடவையைப் பிரித்தாலும் கலரைக் கூவிக்கொண்டேதான் பிரிப்பார்கள். ‘வர்றவங்களுக்குக் கண்ணு இல்லையா, இது என்ன மீன் மார்க்கெட்டா?’ என்று தினகரன் கேட்டும் பார்த்துவிட்டார். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“யாரு சர்வர்ல கை வெச்சது?” அவர் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

“நான்தான் சார்.”

சத்யப்ரியா. ஏனாத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே பில் போடுகிற பெண்.

“எதுக்கு?”

“கலரா இருந்தா கண்ணு கூசுது சார்.”

“ஆர்டர் பார்க்கற சிவபாலன் உக்கார்ற மெஷின் அது. உனக்கு ஏன்மா கூசணும்?”

சத்யப்ரியா பில் புக்கைப் புரட்டினாள்.

“நான் சரி பண்ணுவேன், நீ கெடுப்பே. என்ன திமிரு! முதலாளி வரட்டும். நாளையிலேர்ந்து நீ வேணாம்னு சொல்லிடறேன்.”

“எனக்கு இந்த வேலை வேணும் சார்.”

ஆர்டர் மேஜையிலிருந்து சிவபாலன் எழுந்தார். “சார், அந்தப் பொண்ணு மேல...”

“அண்ணா, நீங்க சும்மா இருங்க!” சத்யப்ரியா வெடுக்கென்று சொன்னாள்.

தினகரன் மூன்றாம் முறையாக அந்த விடி-100-ஐ அழித்தார். ஓரத்து எழுத்துகள் போய், திரை சிவப்பும் பச்சையுமாக மலர்ந்தது. “இப்படி இருக்கணும்!” என்று சிவபாலனை உட்கார வைத்தார்.

போன் அடித்தது.

“சொல்லுங்கம்மா... திருமுக்கூடல் ஆர்டரா? முகூர்த்தப் புடவைதானே?” சிவபாலன் திரையருகே முகத்தைக் கொண்டுபோனார். சற்றுத் தயங்கினார். “தயாரா இருக்குதுமா. இன்னிக்கே வந்து வாங்கிக்கினு போங்க.”

அந்த வரி சுத்தச் சிவப்பு.

“யோவ்! தறியில இருக்கற புடவையை எங்கேயிருந்துய்யா எடுத்துக் குடுப்பே? சிவப்பா இருக்குதே, கண்ணு அவிஞ்சா போச்சு?”

சிவபாலன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். திரையைப் பார்த்தார். தினகரனைப் பார்த்தார்.

“இதுவா சார் சிவப்பு?”

ரேணுகாம்பாள் புடவையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

“மெதுவா பேசுங்க தம்பி. அவருக்குப் பொறந்ததுலேர்ந்தே செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுது. நாங்க இன்னா பைத்தியமா, நாள் பூரா கூவிக்கினு கெடக்கறதுக்கு? இவரு காதுல விழணும்னுதான். எழுத்தா இருந்தா படிச்சுக்குவாருன்னு இந்தப் பொண்ணு அத்த மாத்திச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா? நீங்க முதலாளிகிட்ட சொல்லுவீங்க. பட்டுக்கடையில கலர் தெரியாதவனுக்கு இன்னா வேலைன்னு அவரு கேப்பாரு. ரெண்டு பொண்ணுங்கள வெச்சுக்கினு இவரு எங்க போவாரு?”

சிவபாலன் போனில் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்: “மன்னிச்சுக்கோங்கம்மா, தப்பா சொல்லிட்டேன். இன்னும் தறியிலதான் இருக்குது...”

வாசலில் கார் வந்து நின்றது. தினகரன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“இன்னாப்பா தினகரன், கலர் கலரா வரும்னியே!” என்றபடியே தேவேந்திரன் மேஜைக்கு வந்தார். திரையில் கறுப்பில் வெள்ளை. “எங்க கலரு? எவன் எடுத்தது?”

சத்யப்ரியா எழுந்தாள்.

“நான்தான், முதலாளி. இந்த மெஷினுக்குக் கலர் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்,” என்றார் தினகரன்.