நானூறு பேரில் கடைசி

ஞாயிறும் அதுவுமாக ஸ்டாக் எடுக்க வரவேண்டியிருக்கிறதே என்ற கடுப்பில் இருந்தார் மேனேஜர். ஸ்டோர்கீப்பரோ காலையிலிருந்து வேலையில் ஒட்டாமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது.

"சொல்லும்மா, எத்தனாவது வந்தே? கடைசியா? நிஜமாவா? என் தங்கமே!"

அவர் குதித்த குதியில் அட்டைப்பெட்டி அடுக்கு சரிந்தது.

"யாருய்யா போன்ல?"

"என் பொண்ணு சார். ஓட்டப் பந்தயத்துல நானூறு பேர்ல கடைசி! எல்லாருக்கும் இன்னிக்கு டீ என்னோடது."

மேனேஜருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கடைசிக்கே டீயா? முதல்ல வந்திருந்தா?"

"வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டேன் சார். போன வருஷம் முதல்லதான் வந்தா. இடுப்பு வலியைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாம ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டினதும் விழுந்துட்டா. இடுப்பெலும்புல விரிசல். எட்டு மாசம் ஒத்தக் கால்ல நிக்கறது, படுத்துக்கிட்டுக் காலைத் தூக்கறதுன்னு பயிற்சி. இப்பத்தான் பிசியோதெரபி டாக்டரம்மா ஓட விட்டாங்க. அதுவும் மூச்சு வாங்காம பேசிக்கிட்டே ஓடற வேகத்துல. 'ஒருத்தரை முந்தினேன்னு தெரிஞ்சாலும் என்கிட்ட வராதே'ன்னுட்டாங்க."

மேனேஜரின் சிரிப்பு நின்றது. "இப்ப வலி?"

"துளிகூட இல்லையாம் சார்." ஸ்டோர்கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேரனை வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு ஓடின பெரியவர்கூட இவளை முந்தினாராம். மாடிப்படியிலகூட என்னை முன்னாடி ஏற விடாத பொண்ணு, பல்லைக் கடிச்சுக்கிட்டு அவரைப் போக விட்டிருக்கா சார்!"