முன் டயர் தேடிய ஜோடி

மலைப்பாதையில் ஓடும் பைக் ஒன்றின் பின் டயர் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. புது டயரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முன் டயரிடமே விட்டது பைக்.

கடையில் மண்ணைக் கவ்வத் தடித்தடியாய்ப் பட்டன் வைத்த டயர் ஒன்று, "சேறோ பாறையோ, நான் வண்டியைத் தள்ளி ஏற்றிவிடுவேன்" என்றது.

'இவன் வந்தால் என்னை யார் பார்ப்பார்கள்?' என்று முன் டயருக்கு வயிறு எரிந்தது. மூலையில் வழவழவென்று நின்ற தார்ச்சாலை டயரைக் காட்டி, "இந்தத் தம்பிதான் அடக்கமானவன்" என்றது.

மறுநாள் நல்ல மழை. சேற்று மேட்டில் பாதி ஏறியதும் பைக் நின்றுவிட்டது.

"தள்ளுடா!" என்று கத்தியது முன் டயர்.

"சுத்திக்கிட்டேதான் இருக்கேன் அண்ணே, பிடிதான் கிடைக்கல!" என்றது புது டயர்.

பைக் பின்பக்கமாக வழுக்கத் தொடங்கியது. வேகம் கூடக்கூடப் புது டயருக்கு ஒரே குஷி.

"அண்ணே, இப்ப நான்தான் முன்னாடி போறேன்! பயப்படாம என் பின்னாலயே வாங்க!"