திருகாணியில் குங்குமம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, முந்தின நாள் போலீஸ் ஸ்டேஷனில் ஆயுதங்களுக்குப் பொட்டு வைத்தபோது தன் ரிவால்வரின் கைப்பிடித் திருகாணிக்குள் குங்குமம் புகுந்துவிட்டதாக என் கணவர் சலித்துக்கொண்டார். தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து நீட்டினேன். "வந்து எடுத்துக்கறேன், விடு" என்று கிளம்பியவர், சாராய வண்டி ஒன்றை மறித்த இடத்தில் இறந்துபோனார். அவர் சுடப் பார்த்தும் துப்பாக்கி வெடிக்கவில்லை என்று உடன் போனவர்கள் சொன்னார்கள்.

பல வருடங்கள் கழித்து, போலீஸ் கழித்துப்போட்ட ரிவால்வர்கள் ஒரு துப்பாக்கிக் கடைக்கு விற்பனைக்கு வந்தன. அவருடையதைத் தேடிப் போனேன். கடைக்காரர் அதன் நம்பர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"நம்பர் இல்லாம எப்படிம்மா? ஒரே தட்டுல எடுத்த இட்லி மாதிரில்ல இருக்கு எல்லாம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மற்றவற்றையெல்லாம் நன்றாகத் துடைத்திருந்தார்கள். ஓரத்தில் கிடந்த ஒன்றின் திருகாணிப் பள்ளத்தில் மட்டும், எண்ணெயில் இறுகிய சிவப்புக் கோடு இருந்தது.

"இதுதாங்க."

"குழாயை அடைச்சுத்தாம்மா குடுப்போம். இது சுடாது, தெரியும்ல?"

"அன்னைக்கும் சுடலைங்க."

அவர் அழுக்கைச் சுரண்டித் தர ஊசி தேடினார். வேண்டாம் என்றேன். ஹேர்பின் என் தலையிலேயே இருந்தது. குங்குமம் இன்றும் திருகாணிக்குள்தான் இருக்கிறது.