தட்டாமல் திறந்த மூடி

ஆய்வகத்தின் குழல்விளக்கு விட்டு விட்டு இமைக்கிறது. சுவரோரம் அடுக்கிய கூண்டுகளில் மரத்தூளைக் கீறும் சத்தம் ஒரு நொடியும் ஓய்வதில்லை. மனச்சிதைவு நோயின் வேரைத் தேடுவதற்காக மரபணு மாற்றிய எலிகள் அவை. சோதனை இதுதான்: முதலில் மெல்லிய ஒலி, உடனே பெரிய ஒலி. மெல்லியதைக் கேட்ட சாதாரண எலி பெரியதற்கு அவ்வளவாகத் துள்ளாது. இவற்றுக்கோ ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போடும். எலிகளைப் பராமரிக்கும் அவள் கையுறையைக் கழற்றுகிறாள், மறுபடி மாட்டுகிறாள். விரல் கூண்டின் மூடியைத் தட்டப் போகிறது. "அக்கா, வீட்டுக் கதவா இது, தட்டிட்டுத் திறக்க?" என்கிறான் கணினி முன் இருப்பவன். "நேத்தும் தட்டி, இதுங்களை முன்னாடியே மிரள வச்சு சோதனையைக் கெடுத்தீங்க. இன்னைக்கும் கெட்டா இதுங்களை மொத்தமாக் கொன்னுட்டுப் புதுசு வாங்குவாங்க." "கை தானாப் போகுதுப்பா," என்கிறாள். வீட்டில் தம்பியின் அறைக் கதவைத் தட்டாமல் யாரும் திறந்ததில்லை. எவ்வளவு மெல்லத் தட்டினாலும், கதவு திறந்ததும் அவன் கட்டிலிலிருந்து துள்ளி எழுவான். அப்பா அதை நடிப்பு என்பார். தம்பி செத்துப்போன பிறகும் விரல் அதை மறக்கவில்லை. மூடிக்கு மேலே அந்தரத்தில் நிற்கும் விரலை மடக்கிக்கொள்கிறாள். தட்டாமலே மூடியைத் தூக்குகிறாள். மூலையில் சுருண்டிருந்த எலி துள்ளிக் கூண்டின் சுவரில் மோதி, விலா படபடக்க அவளையே பார்க்கிறது. "நான்தான்டா," என்கிறாள், கணினிக்காரனுக்குக் கேட்காத குரலில். "அக்காதான்."