சுவருக்கு எந்தப் பக்கம்

ஊர்க் கோயில் உபதேசியாரின் கடித உறையை ஓரமாகக் கத்தரித்தேன். ஜெயலீலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள்.

ஊரிலிருந்து சான் ஹோசேக்கு அது வந்து சேரப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. எங்கள் மகள் ஜோவானாவின் கல்யாணம் நடக்குமா என்பது அந்தக் கடிதத்துக்குள்தான் இருந்தது.

ஜோவானா கூட்டிவந்த பையன் ஆபேல். நல்ல வேலை, நல்ல சிரிப்பு. அதனாலேயே எனக்கு அவன்மேல் நம்பிக்கை வரவில்லை.

பூர்வீகம் எங்கே என்று கேட்டேன். எங்கள் ஊர்ப் பங்குக் கோயிலையே சொன்னான். யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"எந்தத் தெரு, தம்பி?"

"ஹில்க்ராஃப்ட் பக்கம், அங்கிள். ஹூஸ்டன்ல."

எமகாதகன், நழுவிவிட்டான். தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்கிறோம் என்பது ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் உண்டு. வடக்கே நாங்கள், தெற்கே அவர்கள். நான் நேரில் பார்த்ததில்லை. சின்ன வயதிலேயே மதராஸுக்கு வந்துவிட்ட தாத்தா சொன்னதுதான்.

கிறிஸ்தவனுக்கு ஏது சாதி என்று சாமியார் பிரசங்கம் வைத்தால் ஆமென் சொல்கிறவன்தான் நானும். ஆனால் மகள் விஷயம் வேறு.

அதனால் உபதேசியாருக்கு எழுதினேன். ஆபேலிடம் கேட்டுவாங்கிய அவன் பூட்டன் பெயர் சவரிமுத்து, பிறந்த வருஷம் எல்லாம் குறித்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் பார்த்து, அவர் கல்லறை சுவருக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள். நான் யார் என்று அவருக்குத் தெரியட்டும் என்று என் பூட்டன் பெயரையும் எழுதினேன்.

தெற்கு என்றால் கல்யாணம் கிடையாது. ஜெயலீலாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

கடிதத்தைப் பிரித்தேன்.

'பெயரும் வருஷமும் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றன. கல்லறை சுவருக்குத் தெற்கே.'

அப்போதே நினைத்தேன். பிடித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

'கண்டுபிடிக்கச் சிரமமில்லை. தங்கள் பூட்டனார் அருளப்பன் கல்லறைக்கு அடுத்ததுதான். இரண்டிலும் புல்லை வெட்டிவிட்டேன்.'

மறுபடி படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.

தாத்தா ஒருதடவைகூட எங்களை ஊருக்குக் கூட்டிப்போனதில்லை.

"என்னங்க, எந்தப் பக்கம்?" என்றாள் ஜெயலீலா.

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"நம்ம பக்கந்தான்."