மேனகாவுக்குக் கறுப்புச் சப்பாத்து

கூலிம் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர் மேனகாவுக்கு, காளிதாசன் தன் கைக்காசில் கறுப்புச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அவள் நகர்ந்ததும், கூட வேலை செய்யும் புஷ்பவள்ளி அவரைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கிக் குடுத்ததில்ல. இப்படியாண்ணே கூஜா தூக்குறது?"

"கூஜாவும் இல்ல, குடமும் இல்ல. அங்க பாரு."

மெஷினுக்குப் பின்னால், வேலை நேரத்தில் அவர் ஒளிந்து தூங்கும் மூலையில், சுவரோடு ஒரு பிளாஸ்டிக் பலகை. உள்ளே கோணல்மாணலாகக் குடைந்த வழிகள். அதிலிருந்து ஒரு குழாய்.

"பழைய சூப்பர்வைசர் ரூபினி நடக்குற சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கி, அது சொன்னபடி குடைஞ்சது. வேற சத்தம் உள்ளேயே செத்துடும். அவ சப்பாத்துச் சத்தம் மட்டும் குழாய் வழியா என் காதுக்கு வந்து எழுப்பிடும். வயரும் இல்ல, பேட்டரியும் இல்ல லா!"

"ரூபினிதான் மாத்தலாகிப் போயிட்டாங்களே. இவங்க சத்தத்தைப் பழக்குங்க."

"குடைஞ்சது குடைஞ்சதுதான், புதுசா படிக்காது. செஞ்சு குடுத்த மருமகனும் சிங்கப்பூர் போயிட்டான். இன்னொரு தடவை தூங்கி மாட்டினா எனக்கு வேலை காலி. பலகையை மாத்த முடியல, மேடத்தோட சப்பாத்தை மாத்திட்டேன். ரூபினி போட்ட அதே சப்பாத்து!"

மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, குழாயைக் காதில் செருகிக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்தார்.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் மேனகா. காலில் தேய்ந்துபோன ரப்பர் சப்பாத்து.

"மேடம்... நான் குடுத்தது?"

மேனேஜருக்குப் போன் போட்டுக்கொண்டே மேனகா சொன்னாள்:

"அவ்வளவு நல்ல சப்பாத்தை இந்த எண்ணெய்த் தரையிலயா போட்டுத் தேய்ப்பேன்? தீபாவளிக்குன்னு எடுத்து வச்சிருக்கேண்ணே."