இடுப்புப் பட்டை

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை கயிறிழுக்கும் போட்டி. அணியில் கடைசி ஆளாக நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்பவன் மத்தியாஸ். போன வருடம் கயிறு அறுத்த தழும்பு இன்னும் மறையவில்லை. அதனால், சர்ச் மண்டபத்தில் தோல் வேலை பழகும் மனைவி இசபெல் அகலமான பட்டை ஒன்றைத் தைக்கத் தொடங்கியதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“இந்தா,” என்று இரும்புச் சுத்தியலை நீட்டினான்.

“அது வேணாங்க. மரச்சுத்தியல்ல தட்டினாத்தான் துளை போடுற உளியோட தலை நசுங்காது.”

கோடு கிழித்துத் துளையிட்டாள். மெழுகு தேய்த்த நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் தைத்தாள்.

“ரெண்டு ஊசி எதுக்கு?”

“ஒரு தையல் அறுந்தாலும் மத்தது விடாது.”

“என் இடுப்ப அளக்கவே இல்லியே?”

“அளவெல்லாம் எனக்குத் தெரியுங்க,” என்று சிரித்தாள்.

ஞாயிறன்று மத்தியாஸ் கயிற்றின் நுனிக்கு ஓடி, “இசபெல், பட்டையக் கொண்டா,” என்று கத்தினான்.

பதில் எதிர்முனையிலிருந்து வந்தது. அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். கடைசியில் இசபெல், புடவையை வரிந்து கட்டி, பட்டையைத் தன் இடுப்பில் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இந்த வருசம் நாங்களும் பேரு குடுத்திருக்கோங்க. சீட்டுக் குலுக்கினதுல எங்களுக்கு உங்க அணிதான் வந்திச்சு. கெட்டியா நில்லுங்க.”

விசில் ஒலித்தது. சேற்றில் குப்புற விழுந்த மத்தியாஸ் எழுந்து பார்த்தபோது, நடுக்கோடு அவனுக்குப் பின்னால் கிடந்தது.